கன்ட்ரோலரைப் பிடுங்காத ஆள்: கேம் கண்காட்சி ஸ்டாலுக்கு ப்ரோமோட்டர் எடுப்பது எப்படி

"அக்கா, ரெண்டு நாளைக்கு நாலு பொண்ணுங்க வேணும். பாக்க நல்லா இருக்கணும், இங்கிலீஷ் பேசணும்." கேம் ஸ்டுடியோ நடத்தும் பையன்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "சரி, உங்க கேமை வர்றவங்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கப் போறாங்க?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்ற பேச்சு.

செல்போன் கம்பெனிகள் தி.நகரில் கடைக்குக் கடை கவுன்ட்டர் போட்டு ஆள் நிறுத்திய காலத்திலிருந்து, ஸ்டாலில் நின்று பொருளை அறிமுகம் செய்யும் ப்ரோமோட்டர்களை எடுத்து அனுப்பும் வேலையில் நான் இருக்கிறேன். ஷாம்பு, இன்ஷூரன்ஸ், கார் லான்ச் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பியாயிற்று. கேம் ஸ்டால் மட்டும் தனி ரகம். ஷாம்பு பாக்கெட்டை நீட்டி, சிரித்து, அடுத்த ஆளைப் பார்க்கலாம். கேம் ஸ்டாலுக்கு வருகிறவர் ஏழெட்டு நிமிடம் உங்கள் ஆளின் பக்கத்திலேயே நிற்பார். பல நேரம் உங்கள் ஆளைவிட அவருக்குக் கேம் அதிகம் தெரிந்திருக்கும். முதல் கேள்விக்கு மனப்பாடம் போதும், இரண்டாவதைச் சமாளிக்கலாம். மூன்றாவது கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆள் எடுப்பதே அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான்.

அழகான முகமா, கேம் தெரிந்த ஆளா என்ற இந்தச் சண்டை வெளிநாட்டில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்துவந்த ஈ3 கண்காட்சியில், அரைகுறை உடையில் மாடல்களை நிறுத்தும் ஸ்டாலுக்கு 5,000 டாலர் அபராதம் என்று 2006ல் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பாக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் திருவிழா இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டாலில் நிற்பவருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதையே எதிர்பார்ப்பாக வைத்தது. நம் ஊருக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் காமிக்ஸ், கேம் ரசிகர்களின் திருவிழாவான காமிக் கான் முதல் முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு வந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள்: பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள். இரண்டு தரப்புமே அழகான முகத்தைப் பார்ப்பதற்காக டிக்கெட் எடுத்து வரவில்லை.

முதலில் கணக்கு

வருகிறவர் கேமை ஆடிப் பார்க்கும் திரைகள், அதாவது டெமோ ஸ்டேஷன், நாலு என்றால் நாலு பேர் என்று கணக்குப் போடாதீர்கள். கேம் சொல்லிக்கொடுக்கும் ஆள் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. ஆக, அதற்கு இரண்டு பேர். வரிசையைக் கவனிக்க, வெளியே நிற்பவரிடம் பேச ஒருவர். இவர்கள் சாப்பிடவும் பாத்ரூம் போகவும் மாற்றி நிற்க ஒருவர். மொத்தம் நாலுதான் வருகிறது, ஆனால் நாலு பேருக்கும் வேலை வேறு. மாற்று ஆள் இல்லாமல் ஸ்டால் போட்டால் மதியம் இரண்டு மணிக்கு இரண்டு திரைகள் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், போகிற வருகிற சிறுவர்கள் மெனுவுக்குள் போய் மொழியைக் கொரியனுக்கு மாற்றிவைத்திருப்பார்கள்.

இந்த நாலு பேருக்கு மேல், கேமை உருவாக்கியவர்களில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கேமை வெளியிடும் பப்ளிஷரோ பத்திரிகைக்காரரோ வந்தால் பேச வேண்டியவர் அவர். எவ்வளவு கெட்டிக்கார ப்ரோமோட்டராக இருந்தாலும் அந்தப் பேச்சை அவர் தலையில் கட்டக்கூடாது.

காஸ்ப்ளே செய்பவரை, அதாவது கேம் பாத்திரம் மாதிரி வேஷம் போடுபவரை, நிறுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக நிறுத்தலாம். கேமைப் பற்றி உயிராகப் பேசக்கூடியவர்கள் அவர்களில்தான் அதிகம். ஆனால் ஃபோம் கவசமும் விக்கும் மாட்டிக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க டெமோ சொல்லிக்கொடுக்க முடியாது. முக்கால்வாசி நேரம் போட்டோவுக்கு நிற்பதிலேயே போய்விடும். ஆகவே அது கூடுதல் ஆள், தனி வேலை, தனிச் சம்பளம். ஒரு மணி நேரம் நின்றால் அரை மணி நேரம் ஓய்வு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

ஏஜென்சியைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். முழு உயரப் போட்டோ, உயரம், நிறம், முன்பு செய்த வேலைகள். நம் வேலைக்குத் தேவையான ஒரு விஷயமும் அதில் இருக்காது. அதற்காக ஏஜென்சியைக் கோபித்துப் பயனில்லை, நாம் கேட்டதைத்தானே அனுப்புகிறார்கள். நான் இப்போதெல்லாம் போட்டோவே கேட்பதில்லை. ஒரு நிமிட வாய்ஸ் நோட் கேட்கிறேன்: "கடைசியாக விளையாடிய கேம் எது, அதில் எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய்? பாதி தமிழில், பாதி இங்கிலீஷில் சொல்." ஒரு நிமிடம் கேட்டாலே பாதி வடிகட்டிவிடும். "எனக்கு எல்லா கேமும் பிடிக்கும் மேம்" என்று வருகிற வாய்ஸ் நோட்டைப் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். "அந்த லெவல்ல மேல ஏற ஏணி இருக்குன்னே ரெண்டு நாளா எனக்குத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே ஒரு பெண் ஆரம்பித்தால், அவளை உடனே கூப்பிடுவேன்.

ஏஜென்சிக்கு வெளியே தேட நிறைய இடம் இருக்கிறது. லயோலா மாதிரி விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கும் கல்லூரிகள், கேம் டிசைன் கற்றுத்தரும் ஐகேட் மாதிரி கல்லூரிகள். கேமிங் கஃபேக்களில் கவுன்ட்டரில் உட்காரும் பையன்கள் முதல்முறை வருகிறவருக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே பழகியவர்கள். தமிழில் மேட்ச் கமென்ட்ரி செய்யும் சின்ன யூடியூப்காரர்களுக்கு வாய் ஓயாது, மைக் பயமும் கிடையாது. ரிச்சி தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு விற்கும் பையன் ஒருவனை ஒருமுறை கம்ப்யூட்டர் ஸ்டாலுக்கு எடுத்தேன். வருகிறவர் கேட்காமலேயே "உங்க வீட்ல எத்தன வாட் பவர் சப்ளை?" என்று ஆரம்பித்தான். அவனைச் சுற்றி நின்ற கூட்டம் மற்ற இருவரைச் சுற்றி நிற்கவில்லை.

செல்போன் லான்ச் செய்து பழகிய வழக்கமான ப்ரோமோட்டர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். நாள் முழுக்க நிற்கும் தெம்பு, முகம் சுளிக்காத பொறுமை, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் சாமர்த்தியம் இதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வரிசையைக் கவனிக்கும் வேலைக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு வாரம் கேமைக் கையில் கொடுத்தால் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் சிலர் தேறிவிடுவார்கள்.

ஆண்களா பெண்களா என்ற கேள்விக்கு என் பதில்: கலந்து. நாலு பெண்களை வரிசையாக நிறுத்தினால், கேமை உருவாக்கிய பையன்கள் பின்னால் லேப்டாப்பில் உட்கார்ந்திருக்க, முன்னால் அலங்காரம் நிற்பதாகத்தான் பார்ப்பவர் நினைப்பார். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அவளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பையனிடம்தான் கேள்வியைக் கேட்பார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள்

நேர்முகத்தை ஓட்டல் லாபியில் காபி குடித்துக்கொண்டு நடத்தாதீர்கள். திரை, கன்சோல், இரண்டு கன்ட்ரோலர் இருக்கும் அறையில் நடத்துங்கள். முதலில் அவரை விளையாட விடுங்கள். நன்றாக விளையாடுகிறாரா என்பது முக்கியமில்லை. பட்டன் எங்கே என்று குனிந்து பார்க்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். குனிந்தால் கை பழகவில்லை என்று அர்த்தம். போனில் மட்டும் விளையாடிப் பழகியவர் இப்படித்தான் இருப்பார். அதுவும் குற்றமில்லை, உங்களுடையது மொபைல் கேம் என்றால் அவர்தான் சரியான ஆள்.

அப்புறம்தான் உண்மையான தேர்வு. நான் எழுந்துபோய், எதுவும் தெரியாத ஆளாகத் திரும்பி வருவேன். என் வேஷம் இது: ஐம்பது வயது அப்பா, பையனுக்காக வந்திருக்கிறார், கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. "இது என்னம்மா, எப்படி ஆடறது?" என்று கேட்பேன்.

வாலரன்ட் என்ற சுடும் கேமில், உச்சிக்கு ஒரு படி கீழே இருக்கும் இம்மார்ட்டல் ரேங்க் வைத்திருக்கும் பையன் ஒருவன் வந்திருந்தான். அந்தக் கையின் வேகத்தைப் பார்த்து ஸ்டுடியோக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் அப்பாவாக வந்து உட்கார்ந்தேன். முதல் பத்து நொடி பொறுத்தான். திரையில் என் ஆள் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றதும் "ஒரு நிமிஷம் சார்" என்று கன்ட்ரோலரைக் கையிலிருந்து வாங்கி, மளமளவென்று சுவரைத் தாண்டி, இரண்டு பேரைச் சுட்டு, "இப்படித்தான் சார்" என்று திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். எந்த அப்பாவும் அதற்கு மேல் விளையாட மாட்டார், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்து வந்தது பெரம்பூரிலிருந்து பி.காம் படிக்கும் பெண். வீட்டில் கன்சோல் கிடையாது, அத்தை பையன் வீட்டில் விளையாடியதுதான். நான் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சார், இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் பாக்க. முதல்ல நடக்காதீங்க, நின்ன இடத்துலயே சுத்திப் பாருங்க." நான் வேண்டுமென்றே வலது ஸ்டிக்கைக் கீழே தள்ளித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பரிமாண கேமில் புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. தரையைப் பார்ப்பார்கள் அல்லது வானத்தைப் பார்ப்பார்கள், கேம் கெட்டுவிட்டதாக நினைப்பார்கள். அவள் உடனே பிடித்துவிட்டாள். "கீழ பாக்குறீங்க சார், தலையத் தூக்குங்க, வலது கட்டைவிரல லேசா மேல." கையைக் கடைசிவரை முன்னால் கொண்டுவரவே இல்லை. அன்றே உறுதி செய்தேன். இம்மார்ட்டல் பையனை வேண்டாம் என்று சொல்லவில்லை, சவால் விடும் மேட்ச் நடத்தும் மேடைக்கு வைத்துக்கொண்டோம். அங்கே அவன் ராஜா.

தி.நகர் புடவைக் கடையில் புடவை விரிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் பார்ப்பது புடவையை இல்லை, வந்தவரின் கண் எந்த நிறத்தில் ஒரு நொடி அதிகமாக நிற்கிறது என்பதை. டெமோ சொல்லிக்கொடுப்பவரும் திரையைவிட விளையாடுகிறவரின் முகத்தை அதிகம் பார்க்க வேண்டும். நேர்முகத்தில் இதைத்தான் தேடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. தெரிந்த கேம் ஒன்றை என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்வேன். "அது ஒரு நரேட்டிவ் பசில் மேம்" என்று ஆரம்பித்தால் அம்மா எழுந்து போய்விடுவார். 2023ல் வந்த 'வெண்பா' கேமை ஒரு பையன் சொன்னான்: "கனடாவுக்குப் போன தமிழ் அம்மா, கிழிஞ்சுபோன சமையல் நோட்ட வெச்சுக்கிட்டு இட்லி சுடப் பாக்குறாங்க, விட்டுப்போன படிய நீங்க கண்டுபிடிக்கணும் பாட்டி." டொரன்டோவில் செய்த, பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது வாங்கிய கேம் அது. அவன் விருதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இட்லியைப் பற்றிப் பேசினான். எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக, பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள். "நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல்ல எப்போ வரும்?" சமாளித்துப் புளுகினால் வேண்டாம். "தெரியல சார், டெவலப்பர் இங்கதான் இருக்கார், கேட்டுச் சொல்றேன்" என்பவர் வேண்டும். ஸ்டாலில் நிற்பவர் வாய்தவறிச் சொல்லும் ரிலீஸ் தேதி அன்று மாலைக்குள் இன்ஸ்டாகிராமில் வந்துவிடும், அப்புறம் அதை மறுப்பதே ஸ்டுடியோவின் வேலையாகிவிடும்.

சொல்லிக்கொடுக்கும் வாரம்

பலரும் கண்காட்சி அன்று காலை எட்டு மணிக்கு ஒரு பேப்பரைக் கையில் கொடுத்து ப்ரீஃபிங்கை முடித்துவிடுகிறார்கள். பேப்பர் படித்தவர் பேப்பர் மாதிரிதான் பேசுவார். கண்காட்சியில் ஓடப்போகும் கேம் பதிப்பை, அதாவது டெமோ பில்டை, குறைந்தது ஒரு வாரம் முன்பே கையில் கொடுங்கள். வெளியே விடக்கூடாத கேம் என்றால் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து விளையாட விடுங்கள், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். இந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. "ட்ரெய்னிங்தானே, ஃப்ரீயா வரட்டும்" என்று சொல்லும் கிளையன்ட்டுக்கு நான் ஆள் கொடுப்பதில்லை.

அவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது கேமின் பெருமையைவிட அதன் ஓட்டைகளை. கண்காட்சிக்குக் கொண்டுவரும் பில்ட் எல்லாமே அரைவேக்காடுதான். பாலத்தின் ஓரத்தில் குதித்தால் கேம் உறைந்துபோகும், படகில் ஏறிக்கொண்டே மெனுவைத் திறந்தால் சத்தம் போய்விடும். இந்த மாதிரி இடங்களை டெவலப்பர்கள் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் விளையாடுகிறவர் பாலத்தை நெருங்கும்போது "இடது பக்கம் ஒரு குகை இருக்கு, அதப் பாத்தீங்களா?" என்று திருப்பிவிட முடியும். உறைந்துவிட்டால் டெவலப்பரைத் தேடி ஓடாமல் தாங்களே மறுபடி ஆரம்பிக்கவும், கன்ட்ரோலர் இணைப்பு போனால் திரும்ப இணைக்கவும், எந்த ஒயர் எந்த ஓட்டை என்றும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு அந்த வாரமே பழக விடுங்கள்.

கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்துப் பழக்குவேன். விளையாடத் தெரிந்தவர் கேட்பது: எந்த மென்பொருள் எஞ்சினில் செய்தது, நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுமா, கீபோர்டு மவுஸ் உண்டா, ஆன்லைன் இல்லாமல் ஆடலாமா. போன்காரர் கேட்பது: எத்தனை ஜிபி, என் போனில் ஓடுமா, விளம்பரம் வருமா. பெற்றோர் கேட்பது: எந்த வயசுப் பிள்ளைக்கு, ரத்தம் வருமா, முகம் தெரியாதவர்களோடு பேச வைக்குமா, நடுவில் காசு கேட்குமா. மூன்றாவது வகையைத்தான் ஸ்டுடியோக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பர்ஸ் இருப்பது அந்த மூன்றாவது ஆளிடம். ப்ளே ஸ்டோரில் கேமுக்குப் போட்டிருக்கும் வயது வரம்பு என்ன, ஏன் என்றாவது ப்ரோமோட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பப்ஜி மாதிரியா?" என்ற கேள்வி எப்படியும் வரும், உங்கள் கேம் சதுரங்கமாக இருந்தால்கூட. சிரிக்காமல் பதில் சொல்லப் பழக்குங்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். கல்லூரிப் பையனை "ப்ரோ" என்றால் அவனுக்குச் சந்தோஷம். அவன் அப்பாவை "ப்ரோ" என்றால் அவர் முகம் மாறும், அவருக்குச் "சார்" போதும். "அங்கிள்" என்று கூப்பிடும்போது ஜாக்கிரதை, நாற்பது வயதுக்காரர்கள் புண்படுவார்கள். அண்ணன் விளையாட, தங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அவன் முடித்ததும் கன்ட்ரோலரை அவளிடம் நீட்ட வேண்டும், "நீங்க ஆடுறீங்களா?" என்று கேட்காமலேயே. கேட்டால் பாதிப் பெண்கள் "இல்ல பரவால்ல" என்று சொல்லிவிடுவார்கள். தெலுங்கோ இந்தியோ தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருப்பது நல்லது.

டெமோவை முடித்துவைப்பதும் ஒரு கலை. ஏழு நிமிடம் என்று வைத்தால் ஆறாவது நிமிடத்திலேயே "அடுத்த கதவு வரைக்கும் போலாம் சார், அதோட டெமோ முடியுது" என்று சொல்லிவிட வேண்டும். கையிலிருந்து பிடுங்குவது இங்கேயும் கிடையாது.

பணம், காகிதம்

கேம் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு, நோட்டீஸ் கொடுக்கும் ஆளைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுங்கள். ஏஜென்சி வழியாகப் போனால் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்: ஆளுக்கு 4,000 என்றால் கட்டுவது 4,720. அந்த 4,000ல் நிற்கிற பிள்ளையின் கைக்கு எவ்வளவு போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஏஜென்சி பாருங்கள். டிடிஎஸ் பிடிப்பதென்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள். இந்தத் தொழிலில் பணம் ஒன்றரை மாதம் கழித்து வருவது சகஜம். ஒரு வாரத்துக்குள் கொடுப்பவர் என்று பெயர் எடுத்துவிட்டால், அடுத்த முறை நல்ல ஆட்கள் மற்ற வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வருவார்கள்.

பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்: தேதி, வர வேண்டிய நேரம், முடியும் நேரம், இடைவேளை, உடை, சம்பளம், பேட்டா, பயிற்சி நாள் சம்பளம், நிகழ்ச்சி ரத்தானால் என்ன கிடைக்கும். 18 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளையன்ட் விற்பது என்ன கேம் என்பதையும் பாருங்கள். பணம் ஜெயிக்கப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்துவது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் குற்றம். அதற்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். "சும்மா டெமோதான்" என்று ரம்மி ஆப்புக்கு ஆள் கேட்டு வருகிறவரிடம் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

உடை: கேம் பெயர் போட்ட டி-ஷர்ட், பாக்கெட் வைத்த பேன்ட், ஷூ. ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், கான்கிரீட் தரை அது. டி-ஷர்ட் அளவை முன்பே கேட்டு வாங்குங்கள். எல்லோருக்கும் மீடியம் என்று அடித்துக் கொண்டுவருபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நாற்காலி போடுங்கள். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டாலில் ப்ரோமோட்டர் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று இன்னும் சொல்கிறார்கள். உயரமான ஸ்டூல் ஒன்று போட்டால் பார்வைக்கும் சரியாக இருக்கும், காலுக்கும் சரியாக இருக்கும்.

தொந்தரவு

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன் நம்பர் கேட்பவர், தோளில் கைபோட்டு செல்ஃபி எடுப்பவர், நாலாவது முறையாகச் சுற்றிச் சுற்றி வருபவர். பெண்களுக்கு மட்டும் இல்லை, பையன்களுக்கும் நடக்கிறது. நம்பர் கேட்டால் கொடுக்க ஸ்டாலுக்கென்று ஒரு நம்பர் வையுங்கள். போட்டோ எடுக்கும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பலகையே வைக்கலாம். உதவி வேண்டும் என்றால் சத்தம் போடாமல் சொல்ல ஒரு வார்த்தை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் "மூணாவது கன்ட்ரோலர் சார்ஜ் இல்ல" என்றால் உடனே ஒருவர் வந்து அந்த இடத்தை மாற்றிக்கொள்வார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ம் ஆண்டுச் சட்டம், இரண்டு நாள் வேலைக்கு ஏஜென்சி வழியாக வந்த பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத சின்ன ஸ்டுடியோ என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே ஒருவரின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் முதலாளியின் மச்சானாக இல்லாமல் இருப்பது நல்லது. 181 பெண்கள் உதவி எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

நந்தம்பாக்கத்தில் இரவு ஸ்டால் பிரிக்கும் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் ப்ரோமோட்டர்களை நிறுத்தாதீர்கள். நேரம் முடிந்ததும் ஆலந்தூர் மெட்ரோ வரையாவது வண்டி ஏற்பாடு செய்யுங்கள், தாமதமானால் வீடு வரை. மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் அந்த நேரத்தில் ஆட்டோ பேரம் பேச விடுவது நியாயமில்லை.

கண்காட்சி நாட்களில்

கதவு திறப்பதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் ஒரு முறை டெமோவை முழுதாக ஓட்டிப் பாருங்கள், இரவோடு இரவாக பில்ட் மாறியிருக்கும். கன்ட்ரோலரையும் ஹெட்போனையும் ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் துடைக்க வேண்டும், அதற்கான துணி ப்ரோமோட்டரின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்: வரிசையில் நின்றவர் டெமோவுக்கு, டெமோவில் இருந்தவர் ஓய்வுக்கு. இரண்டாம் நாள் எல்லோருக்கும் தொண்டை கட்டும், பக்கத்து ஸ்டால் ஸ்பீக்கர் மேல் கத்திக் கத்தி. ஃபிளாஸ்கில் வெந்நீர், கொஞ்சம் பனங்கற்கண்டு. மைக் வாடகைக்கு எடுப்பதைவிட இது மலிவு.

போன் நம்பர், மெயில் சேகரிப்பதில் கவனம் வேண்டும். ஸ்டாலுக்கு வருவதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மாவைக் கேட்காமல் எதையும் எழுதிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கு இத்தனை நம்பர் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தால் இந்த விதிதான் முதலில் காற்றில் பறக்கும், ஆகவே இலக்கே வைக்காதீர்கள்.

சாயங்காலம் கலையும் முன் கால் மணி நேரம் உட்கார வைத்து மூன்று விஷயம் கேளுங்கள். இன்று எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை? ஆடியவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள்? எங்கே சிரித்தார்கள்? நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்தவர்கள் அவர்கள், பின்னால் லேப்டாப்பில் இருந்தவருக்கு அது தெரியாது. ஒரு ஸ்டாலில் முதல் நாள் முடிவில் மூன்று ப்ரோமோட்டர்களும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "நீலக் கதவ யாருமே பாக்கறதில்ல, எல்லாரும் அதத் தாண்டிப் போய்ச் சுவத்துல முட்டுறாங்க." டெவலப்பர் பையன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "கதவு பளிச்சுன்னுதானே இருக்கு" என்றான். அப்புறம் இரவு உட்கார்ந்து கதவுக்கு மேல் ஒரு விளக்கை வைத்தான். மறுநாள் வரிசை வேகமாக நகர்ந்தது. இந்தக் கால் மணி நேரத்துக்கும் சம்பளக் கணக்கில் இடம் வைத்துவிடுங்கள்.